ராகிக் கஞ்சிக்கு மாறியும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 51. கரூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி. எடுக்கிறேன். போன மாதம் பார்த்தபோது வெறும் வயிற்றில் 128, சாப்பிட்டபின் 246, எச்பிஏ1சி 8. இட்லி கூடாது என்று எல்லோரும் சொன்னதால் நாலு மாதமாக அதைத் தொடுவதில்லை. காலை ஆறு மணிக்கு காபியும் இரண்டு மேரி பிஸ்கட்டும், ஏழரைக்கு ஒரு பெரிய டம்ளர் ராகிக் கஞ்சி, நாட்டுச்சர்க்கரை போட்டு. சில நாள் அதற்குப் பதில் மூன்று கோதுமை தோசை. கடையில் லோடு இறங்கும் நாட்களில் எதுவும் சாப்பிடாமல் போய்விடுவேன், பதினோரு மணிக்குக் கை நடுங்கும், வேர்க்கும், இரண்டு வடையும் டீயும் உள்ளே போனால் சரியாகிவிடும். இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் சாப்பிட்டபின் சர்க்கரை இறங்கவே இல்லை. எனக்கென்று தனியாகச் சமைத்துச் சமைத்து மனைவிக்கும் அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இட்லியும் கோழிக்குழம்பும் சாப்பிடும்போது நான் மட்டும் கஞ்சி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன். இட்லி சாப்பிடவே கூடாதா? எதைத்தான் சாப்பிடுவது மேடம்?

பதில்: வணக்கம் சார். இட்லி சாப்பிடலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடுவில் உள்ள எதையும் படிக்காமல் அந்த ஒரு வரியைத்தான் தேடுவீர்கள்.

ஆனால் இட்லிக்கு முன்னால் அந்தப் பதினோரு மணி நடுக்கத்தைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே என்னை உறுத்தியது அந்த வரிதான், நீங்களோ அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா, லோடு இறக்கிக்கொண்டிருக்கிறீர்களா என்றெல்லாம் அது பார்க்காது, உள்ளே போனால் வேலையைச் செய்துவிடும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால் இரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம், கை நடுங்குவதும் வேர்ப்பதும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். அடுத்த முறை அப்படி வந்தால் குளுக்கோமீட்டரில் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், கடையில் குளுக்கோஸ் பொடி பாக்கெட் ஒன்று வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை அதையே செய்யுங்கள், ஏறியபிறகு ஏதாவது சாப்பிடுங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் பார்த்துவிட்டுச் செய்வோம் என்று காத்திருக்க வேண்டாம், சர்க்கரையை முதலில் குடித்துவிடுங்கள். வடை இதற்கு உதவாது, அதிலுள்ள எண்ணெய் செரிமானத்தைத் தாமதப்படுத்தும், அவசரத்துக்கு வேண்டியது வேகமாக ஏறும் சர்க்கரை. கடைப் பையனிடமும் இதைச் சொல்லி வையுங்கள். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதை உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். இரண்டு காரணம். ஒன்று, நடுக்கம். இன்னொன்று, நான் கீழே சொல்லப்போகும் மாற்றங்களைச் செய்தால் காலையில் உள்ளே போகும் மாவுச்சத்து குறையும், அப்போது அதே கிளிமிபிரைடு உங்களுக்கு அதிகமாகிவிட வாய்ப்பு உண்டு. அளவைக் குறைப்பதா, மாத்திரையையே மாற்றுவதா என்பது அவர் முடிவு. நான் உணவியல் ஆலோசகர், மாத்திரையில் கை வைப்பது என் வேலை இல்லை, உங்கள் வேலையும் இல்லை. அதுவரை ஒரு விதி மட்டும்: எவ்வளவு அவசரமானாலும் அந்த மாத்திரை உள்ளே போன காலையில் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள்.

சரி, இப்போது கஞ்சிக்கு வருவோம்.

உங்கள் ‘பெரிய டம்ளர்’ கஞ்சிக்கு எவ்வளவு மாவு போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாக அந்த அளவுக்கு 50 கிராம் மாவாவது போகும். ராகியில் 100 கிராமுக்கு 67 கிராம் வாக்கில் மாவுச்சத்து, ஆக 33 கிராம். நாட்டுச்சர்க்கரை ஒரு கரண்டி போட்டால் இன்னொரு 10 கிராம். மொத்தம் 43. வீட்டில் ஊற்றும் நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் விட்டுவிட்டதாகச் சொல்லும் நாலு இட்லியை இன்னமும் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள், டம்ளரில் ஊற்றி. இட்லியாக இருந்தபோது கூடவே சாம்பாரும் சட்னியுமாவது இருந்தன, உளுந்தும் கொஞ்சம் புரதம் கொடுத்தது. கஞ்சியில் அதுவும் போய்விட்டது.

ராகி கெட்டதா என்றால் இல்லை. கால்சியம் அதில் ஏராளம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல், நார்ச்சத்தும் வெள்ளை அரிசியைவிட அதிகம். ஆனால் எந்த தானியத்தையும் நைசாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, கொதிக்க வைத்துவிட்டால் வயிற்றுக்கு அதில் வேலையே இருக்காது. மெல்ல வேண்டியதில்லை, இரண்டு நிமிடத்தில் டம்ளர் காலி, அரைமணியில் சர்க்கரை ஏற ஆரம்பித்துவிடும். கம்பங்கூழ், சிறுதானியச் சத்துமாவுக் கஞ்சி என்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சத்துமாவில் இருபது தானியம் சேர்த்திருக்கிறோம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் இருபதும் மாவுதான். ராகி பிடிக்கும் என்றால் களியாகவோ தோசையாகவோ அளவாகச் சாப்பிடுங்கள், அல்லது கூழே வேண்டுமென்றால் சின்ன டம்ளரில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோடு. நாட்டுச்சர்க்கரை வேண்டவே வேண்டாம். வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் ரத்தத்துக்குள் போனபின் கிட்டத்தட்ட ஒன்றுதான், நிறத்தைப் பார்த்துக் கணையம் சலுகை காட்டாது.

கோதுமை தோசையும் இதே கதை, இன்னும் கொஞ்சம் மோசம் என்றுகூடச் சொல்வேன். மூன்று தோசைக்கு 100 கிராம் மாவு வரை போய்விடும், அதில் 65 கிராம் வாக்கில் மாவுச்சத்து. அரிசி இல்லை என்ற நிம்மதியில் இன்னொன்று சேர்த்து ஊற்றச் சொல்வதுதான் நம் வழக்கம். ஓட்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் போவீர்கள் என்பதால் சொல்கிறேன்: தட்டையான முழு ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து இருக்கிறது, அது சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கும், நல்லதுதான். மூன்று நிமிடத்தில் ரெடி என்று வரும் மசாலா ஓட்ஸ் பாக்கெட்டில் அந்த நன்மை குறைவு, உப்பு அதிகம். கார்ன்ஃபிளேக்ஸை யாராவது சர்க்கரைக்காரருக்கு நல்லது என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆக, நீங்கள் தானியத்தை மாற்றினீர்கள், அளவை மாற்றவில்லை, கூட எதையும் சேர்க்கவில்லை. நம் ஊரில் சர்க்கரைக்கு உணவுக் கட்டுப்பாடு என்றாலே அரிசிக்குப் பதில் எது என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள், தட்டில் அரிசிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் காலைத் தட்டில் பருப்பு இல்லை, முட்டை இல்லை, காய் இல்லை. தனி மாவு.

இதில் ஆறு மணிக் காபியும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தால் 10 கிராம், இரண்டு மேரி பிஸ்கட்டில் இன்னொரு 8 கிராம், மைதாவும் சர்க்கரையும்தான் அது, மெல்லிசாக இருப்பதால் அப்பாவியாகத் தெரிகிறது. கஞ்சிக்கு முன்னாலேயே 18 கிராம் போயாயிற்று. அதுவும் எந்த நேரத்தில்? விடியற்காலையில் கார்டிசால் மாதிரியான சில ஹார்மோன்கள் ஏறும், ஈரல் சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் விடும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை நோய் உள்ள பலருக்கு நாளிலேயே பெரிய ஏற்றம் காலை உணவுக்குப் பிறகு வருவது இதனால்தான். வெறும் வயிற்றில் 128 என்பது பரவாயில்லை (80 முதல் 130க்குள் என்பதுதான் பொதுவாக வைக்கும் இலக்கு), ஆனால் சாப்பிட்டபின் 180க்குள் இருக்க வேண்டியது 246ல் நிற்கிறது. எச்பிஏ1சி 8 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுமார் 183. வெறும் வயிற்று எண் இவ்வளவு அடக்கமாக இருக்கும்போது சராசரி இவ்வளவு என்றால், சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஏற்றங்கள்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காலையைச் சரி செய்தால் அதில் நல்ல பங்கு இறங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

பிஸ்கட்டை நாளைக்கே நிறுத்துங்கள், பசித்தால் ஒரு கைப்பிடி வறுத்த கடலை, வேர்க்கடலை, ஏதாவது. காபியில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும், எனவே இரண்டை ஒன்றரையாக்கி, பத்து நாள் கழித்து ஒன்றாக்கி, அப்படியே அரைக்கு வாருங்கள். நாக்கு பழகிவிடும். பாலைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இப்போது தட்டு. காலையில் மாவுச்சத்தை 30 முதல் 40 கிராமுக்குள் வைத்துக்கொண்டு, 15 கிராமாவது புரதம் சேர்க்கப் பார்க்கலாம், இது உங்களுக்கு நான் போடும் ஆரம்பக் கணக்கு, கல்வெட்டு இல்லை. மூன்று நடுத்தர இட்லி என்றால் 30 முதல் 36 கிராம் ஆயிற்று. ஒரு பெரிய கிண்ணம் சாம்பார், பருப்பு கெட்டியாகவும் கத்தரிக்காய், முருங்கைக்காய், சுரைக்காய் என்று காய் மிதந்தும் இருக்க வேண்டும், ஹோட்டலில் வரும் வெல்லம் போட்ட தண்ணிச் சாம்பார் இல்லை. கூடவே ஒரு வேகவைத்த முட்டை, அதில் 6 கிராம் புரதம், மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. முட்டை வேண்டாத நாளில் ஒரு கிண்ணம் பச்சைப்பயறு அல்லது தட்டப்பயறு சுண்டல், அதில் மாவுச்சத்தும் உண்டு என்பதால் அன்றைக்கு இட்லி இரண்டு. சட்னி தேங்காயோ வேர்க்கடலையோ எதுவானாலும் சரி, வேர்க்கடலைச் சட்னிக்கு என் ஓட்டு. இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் குற்றமில்லை, எண்ணெயில் பொடி மூழ்காமல் இருந்தால்.

சாப்பிடும் வரிசையும் உதவும். முட்டையையோ சுண்டலையோ காயையோ முதலில் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் இட்லியைத் தொடுங்கள். புரதமும் நாரும் முன்னால் போனால் வயிறு மெதுவாகக் காலியாகும், பின்னால் வரும் மாவுச்சத்து ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டாது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அதே சாப்பாடு, அதே அளவு, வரிசையை மட்டும் மாற்றியபோது சர்க்கரை ஏற்றம் குறைந்திருக்கிறது. இதற்குச் செலவும் இல்லை, யாரும் தனியாகச் சமைக்கவும் வேண்டாம்.

தனியாகச் சமைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் சார். நான் சொல்லும் காலை உணவு உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நல்லதுதான், எல்லோருக்கும் அதையே செய்யலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு 2023ல் வெளியானபோது நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், அதைவிட அதிகமானவர்கள் அதன் வாசல்படியில் நிற்பதாகவும் சொன்னது. உங்களுக்கு 45 வயதில் வந்தது என்றால் உங்கள் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுதல். அவர்கள் தட்டிலும் பயறு ஏறட்டும். அப்பாவுக்கு மட்டும் பத்தியம், மற்றவர்களுக்கு விருந்து என்று ஒரு வீடு ஓட முடியாது, ஒரு மாதம் ஓடினால் பெரிய விஷயம்.

மாவு அரைக்கும்போதே கொஞ்சம் மாற்றலாம். இட்லி அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்று போடுகிறீர்களென்றால் மூன்றுக்கு ஒன்று, பிடித்துப்போனால் இரண்டுக்கு ஒன்று என்று கொண்டு வாருங்கள். இட்லியின் பதம் கொஞ்சம் மாறும், தோசைக்கு அது அருமையாகவே வரும். உளுந்தில் 100 கிராமுக்கு 23 கிராம் வாக்கில் புரதம். மாவுச்சத்து இதனால் பாதியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், சிறிதளவுதான் குறையும், புரதம் கூடுவதுதான் லாபம். அரிசியை ரவைப் பதத்துக்கு அரைத்தால் நைசாக அரைப்பதைவிட நல்லது. தோலோடு கருப்பு உளுந்து போட்டால் நாரும் சேரும், இட்லி சாம்பல் நிறமாக வந்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், இரண்டு வாரம் பொறுங்கள்.

அதையும்விட எனக்குப் பிடித்தது அடை. கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பயறு, கூடவே உங்கள் பக்கத்து கொள்ளு கொஞ்சம், எல்லாம் சேர்ந்து மூன்று பங்கு, அரிசி ஒரு பங்கு. புளிக்க வைக்க வேண்டியதில்லை, இரவு ஊறப்போட்டுக் காலையில் அரைத்தால் போதும். முருங்கைக்கீரையோ முட்டைக்கோஸோ வெங்காயமோ போட்டு இரண்டு சின்ன அடை, மொத்தம் 50 கிராம் பொருள் என்று வைத்தால் மாவுச்சத்து 30 கிராம், புரதம் 9 கிராம் கிடைக்கும். அவியல் கிடைத்தால் அதைத் தொட்டுக்கொள்ளலாம், வெல்லம் மட்டும் வேண்டாம். பாசிப்பயறு தோசையும் இதே வகைதான், முளைகட்டிய பயறில் செய்தாலும் சரி. உப்புமா என்றால் சம்பா ரவையில், ரவைக்குச் சமமாகக் காய், மேலே ஒரு கைப்பிடி வேர்க்கடலை. வெண்பொங்கலில் பாசிப்பருப்பு இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது, அரிசியும் அதைவிட நிறைய, குழைய வெந்து, நெய்யோடு. அரிசியும் பருப்பும் சரிபாதி போட்டு ஒரு சின்னக் கிண்ணம் என்றால் எப்போதாவது சாப்பிடலாம். சந்தகையில் (உங்கள் பக்கத்து இடியாப்பம்) தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிடுவது உங்களுக்கு இனிப்புக் கணக்கில்தான் சேரும்; தக்காளி, எலுமிச்சை போட்டுத் தாளித்தது கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பாதித் தட்டைப் பயறும் காயும் நிரப்பினால் சமாளிக்கலாம்.

மாவுச்சத்தே கூடாது, முட்டையும் வெண்ணெயும்தான் என்று சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கிளிமிபிரைடு எடுக்கும் ஒருவர் டாக்டரிடம் சொல்லாமல் அதில் இறங்குவது ஆபத்து. அதற்கு அவசியமும் இல்லை. இண்டியாப் ஆய்வில் கலந்துகொண்ட 18,090 பேரின் உணவை வைத்துக் கணக்கிட்டு 2022ல் வெளியிட்டதில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20 சதவீதம் என்ற அளவுக்கு வந்தால் நோய் தணிய வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அதாவது பாதி மாவுச்சத்து இருக்கலாம். நம் சாப்பாட்டில் அது அறுபது சதவீதத்தைத் தாண்டுவதுதான் சிக்கல். புரதத்தைக் கூட்டுவதில் ஒரு எச்சரிக்கை: சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா, கிரியேட்டினின் எவ்வளவு என்று இந்த வருடம் பார்த்தீர்களா? பார்க்கவில்லையென்றால் இப்போதே பார்த்துவிடுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் நான் மேலே சொன்ன முட்டை, பயறு அளவெல்லாம் மாறும்.

வெந்தயம், பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ டீ எல்லாம் நீங்கள் கேட்காமலேயே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். ஊறவைத்த வெந்தயம் ஒரு ஸ்பூன் சாப்பிடுவதில் தப்பில்லை, நார்ச்சத்து, கொஞ்சம் உதவும். மாத்திரையின் இடத்தில் அதை உட்கார வைக்காதீர்கள், அவ்வளவுதான். சர்க்கரையைக் குறைக்கும் என்று விற்கும் மூலிகைப் பொடி ஏதாவது சேர்த்து எடுக்கிறீர்களென்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இத்தனை சொன்னாலும், உங்கள் உடம்புக்கு மூன்று இட்லி தாங்குமா, இரண்டுதானா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அதைக் குளுக்கோமீட்டர்தான் சொல்லும். வெறும் வயிற்றில் ஒரு முறை பாருங்கள், பிறகு முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, ஆறு மணி பிஸ்கட்டையும் அன்று தொடக் கூடாது, தொட்டால் எதனால் ஏறியது என்றே தெரியாது. ஒரு நாள் மூன்று இட்லி முட்டையோடு, இன்னொரு நாள் இரண்டு அடை, வேறொரு நாள் உங்கள் பழைய கஞ்சியே, எது எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 50க்குள்ளும் இரண்டாவது எண் 180க்குள்ளும் இருந்தால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துப்போகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். ஸ்ட்ரிப் விலை எனக்குத் தெரியும், தினமும் குத்திக்கொள்ள வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் போதும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால்கூட எண் ஏறிக் காட்டும். தரமான மீட்டரே 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம் என்பதால் 160க்கும் 170க்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், 170க்கும் 240க்கும் உள்ளதைப் பாருங்கள். லேபுக்குப் போகும் நாளில் மட்டும் ஒன்றரை இட்லியோடு எழுந்துவிடுவது பலருக்கு வழக்கம். அப்படி வாங்கிய நல்ல ரிசல்ட் யாருக்கும் பயன்படாது, தினமும் எதைச் சாப்பிடுகிறீர்களோ அதையே அன்றும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

சாப்பிட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கல்லாவில் உட்கார்ந்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்ளும், சாப்பிட்டு அரைமணிக்குள் நடப்பது சாப்பிட்டபின் எண்ணில் தெரியும். கடை பக்கத்தில் என்றால் நடந்தே போகலாம், தூரம் என்றால் தெருவிலேயே இரண்டு சுற்று. லோடு இறங்கும் நாளில் இது கஷ்டம், தெரியும், அன்று லோடே நடைதான்.

அந்த லோடு நாளுக்கு மட்டும் முந்தின இரவே ஒரு ஏற்பாடு வேண்டும், இல்லையென்றால் இந்தக் கடிதமெல்லாம் வீண். இரண்டு முட்டையை வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், சுண்டலுக்குப் பயறை ஊறவைத்து விடலாம், காலையில் குக்கரில் மூன்று விசில், நீங்களே வைக்கலாம், அதற்கு மனைவியை எழுப்ப வேண்டியதில்லை. டப்பாவில் இரண்டு இட்லியைப் பொடி தடவிப் போட்டு, பக்கத்தில் முட்டையையும் சுண்டலையும் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் எட்டு மணிக்கு லாரிக்காரர் காத்திருந்தாலும் பத்து நிமிடம் காத்திருப்பார். முடியாமல் வெளியே சாப்பிட நேர்ந்தால் இரண்டு இட்லியும் ஒரு வடையும், சாம்பார் கேட்டு இன்னொரு கிண்ணம். வடை எண்ணெய்ப் பண்டம்தான், ஆனால் உளுந்து, எப்போதாவது என்றால் மூன்றாவது நாலாவது இட்லியைவிட அது தேவலை. பூரி கிழங்கு வேண்டாம், மைதா பரோட்டா வேண்டாம், மசால் தோசையில் தோசையும் உருளைக்கிழங்கும் சேர்ந்து இரட்டைச் சுமை.

பழம் சாப்பிடலாமா என்று அடுத்து எழுதுவீர்கள். கொய்யா, பப்பாளி ஒரு துண்டு, காலை உணவோடு சேர்க்காமல் பதினோரு மணிக்கு, அந்த வடையின் இடத்தில். ஜூஸாக வேண்டாம்.

மூன்று மாதம் இப்படி ஓட்டிவிட்டு எச்பிஏ1சி மறுபடி பாருங்கள், அதற்கு முன்னால் பார்த்தால் பழைய மாதங்களின் கணக்கும் அதில் கலந்திருக்கும். டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். எதைச் சாப்பிட்டபோது எவ்வளவு ஏறியது, எந்த நாள் கை நடுங்கியது என்று எழுதி வந்தால் அவருக்கு மாத்திரையை முடிவு செய்வது எவ்வளவோ சுலபம்.

ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி பாக்கி இருக்கிறது. எல்லோரோடும் உட்கார்ந்து இட்லியும் கோழிக்குழம்பும் சாப்பிடுங்கள். முதலில் இரண்டு மூன்று துண்டு கறி, தோல் நீக்கியது, கூடவே வெங்காயம் வெள்ளரிக்காய் நறுக்கி ஒரு தட்டு, அப்புறம் மூன்று இட்லி. குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றியிருந்தால் ஊற்றியிருக்கட்டும். உங்கள் பெரிய டம்ளர் கஞ்சியைவிட அந்தச் சாப்பாடு சர்க்கரையைக் குறைவாகவே ஏற்றும் என்று நினைக்கிறேன், நம்பிக்கை வராவிட்டால் அன்றைக்கும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ஸ்ட்ரிப் செலவழித்துப் பாருங்கள், எண்ணை எனக்கும் எழுதுங்கள்.